வெள்ளைக் குதிரையின் கண்ணில் நின்ற சாயம்

குதிரையின் கண்ணுக்குப் பின்னால் ஒரு வானம் இருக்கிறது. நீலமில்லை, பச்சை. ஆரணியில் பட்டு வாங்க வருகிறவர்கள் மயில்கழுத்து என்று ஒரு நிறம் கேட்பார்கள். நெடுக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கில் ஓடும் ஊடை ஒரு நிறமாக நெய்வது. ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை, இன்னொரு பக்கம் சாய்த்தால் நீலம். அந்த நிறம்தான் அது. சேலை முழுக்க இறைத்த பொடி புட்டாப் பூக்கள் மாதிரி அதில் கறுப்புப் புள்ளிகள். அடிவானத்தில் இருட்டு. அந்த இருட்டில் காவி நிறத்தில் முட்டை வடிவ நிலா ஒன்று, அதைச் சுற்றி இமை முடி போல மெல்லிய சிவப்புக் கோடுகள்.

கனவில் கண்டிருந்தால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். நான் அதைப் பார்த்தது பட்டப்பகலில், ஒரு சாயப் பட்டறையின் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குள். கொட்டகையின் வாசலில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தோம். வெளியே செம்புக் கொப்பரையில் நூல் வெந்துகொண்டிருந்த வாசனை.

அந்தக் கண்ணுக்குரியவள் ஒரு வெள்ளைக் குதிரை. அவளோடு நான் ஆரணிக்கு வந்த கதை பெரிதில்லை. எட்டாவதோடு என் படிப்பு நின்றது. லாரியில் கிளீனர், பெங்களூரில் ஓட்டல் மேசை துடைக்கிறவன், திருவிழாக்களில் பலூன்காரன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. கடைசியாகச் சென்னைக் கடற்கரையில் சவாரிக் குதிரை பிடித்தேன். மணலில்தான் படுக்கை. ஒருமுறை உதை வாங்கி விலா எலும்பு ஒன்று கோணலாகக் கூடிவிட்டது. தும்மினால் இன்றும் தெரியும். அங்கே நின்ற வெள்ளைக் குதிரையை ஆரணிக்காரர் ஒருவர் விலை பேசினார். அப்போது கயிறு என் கையில் இருந்தது. கயிற்றோடு நானும் வந்துவிட்டேன்.

அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் அவரை மொதலாளி என்பேன். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையை வாடகைக்கு விடலாம் என்று யாரோ சொல்ல, வாங்கிவிட்டார். அவருக்குக் குதிரையிடம் பயம். பக்கத்தில் வரவே மாட்டார். அவளுடைய நிறம் மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. தூரத்தில் நின்று பார்த்து, நூலை எத்தனை முறை வேகவைத்து எடுத்தாலும் இந்த வெள்ளை வராது என்பார்.

இரண்டு வருஷம் நல்லபடியாகப் போயிற்று. ஊர்வலத்தில் அவள் நடப்பது தூங்கிக்கொண்டு நடப்பது போல இருக்கும். நானும் அப்படித்தான் நடப்பேன். பேண்டு வாத்தியம் முன்னால் போகும், ஃபோகஸ் லைட் தூக்கினவர்கள் இரண்டு பக்கமும் வருவார்கள், மேலே யாரோ ஒரு மாப்பிள்ளை. நானும் அவளும் அந்தச் சத்தத்துக்கு அடியில், ஆற்றுக்கடியில் நடப்பது போல நடந்துபோவோம்.

பிறகு ஒருநாள், கோட்டைப் பக்கத்துத் தெரு ஒன்றில் தாழ்ந்து தொங்கிய கேபிள் கம்பியைக் கழியால் உயர்த்திப் பிடிக்க நான் முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அப்படியே சுழன்று வாழைமரப் பந்தலில் மோதினாள். மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டு தொங்கினார். எது வந்து அவளை மிரட்டியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கொட்டகைச் சுவரிலும் இரண்டொரு முறை இடித்துக்கொண்டாள்.

கண் போகிறது என்று எனக்குப் பட்டது. எந்தக் கண் என்று தெரியவில்லை. பார்வைக்கு இரண்டும் தெளிந்த கிணறுகள்தான். முகத்தருகே கையை வீசிப் பார்த்தேன். குதிரைக்குக் காற்றும் வாசனையும் முன்பே செய்தி சொல்லிவிடும். எந்தப் பக்கம் வீசினாலும் காதைத் திருப்பினாள்.

மொதலாளிக்கு அதற்குமேல் பொறுமையில்லை. படவேட்டில் ஒருவன் மலைக் கிராமங்களுக்கு மூட்டை ஏற்றிப்போகக் குதிரை தேடிக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் போய்விடும் என்றால் அவனிடம் கொடுத்துவிடுவது, ஒரு கண்ணாவது நல்லதாக இருந்தால் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அந்த மலைப்பாதையில் நான் லாரிக்கு மரம் ஏற்றப் போயிருக்கிறேன். கண் தெரியாத குதிரைக்கு அங்கே அதிக நாள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தெள்ளாரில் ஒரு கல்யாணத்துக்காக அவளை வண்டியில் ஏற்றிப் போயிருந்தபோது, மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் டாக்டர் ஆடுகளின் கண்ணைப் படம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். விலங்குகளின் கண்ணின் பின்புறத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவர் மேற்படிப்புக்கு எடுத்திருந்த விஷயம். ஆடு, மாடு, நாய் எல்லாம் நிறையக் கிடைத்துவிட்டன, குதிரைதான் கிடைக்கவில்லை என்றார். நான் தெருவைக் கைகாட்டினேன். வேப்பமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அப்படித்தான் டாக்டரம்மா ஆரணிக்கு வந்தார். முதலில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் ஒரு படம் எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினார். அதில்தான் அந்தப் பச்சை வானத்தைப் பார்த்தேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ரத்தக் குழாய்கள் வேர் மாதிரி நெடுக ஓடுமாம். குதிரைக்கு நிலாவின் ஓரத்திலேயே நின்றுவிடும், மற்ற இடத்துக்கெல்லாம் பின்னாலிருக்கும் ஒரு சவ்விலிருந்துதான் ரத்தம் ஊறுகிறது என்றார். அந்தக் கறுப்புப் புள்ளிகள் என்ன என்று கேட்டேன். பின்னாலிருந்து நம்மை நோக்கி வருகிற மெல்லிய குழாய்களின் நுனிகள் அவை. நேருக்கு நேர் பார்ப்பதால் புள்ளியாகத் தெரிகின்றன, படித்தவர்களே அவற்றை விண்மீன் என்றுதான் சொல்கிறார்கள் என்றார்.

படம் மட்டும் போதாது, ரத்தம் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் சிக்கல் தொடங்கியது. கழுத்து நரம்பில் ஒரு சாயத்தை ஏற்ற வேண்டும், அது ரத்தத்தோடு கண்ணுக்குப் போகும், நீல வெளிச்சம் காட்டினால் அது ஒளிரும் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன இடம்தான் தப்பு.

மொதலாளி கொப்பரையைக் கிளறிய கழியை வைத்துவிட்டு வந்தார். "சாயம் ஏத்தறதா? காலைலேர்ந்து நான் அதாம்மா பண்ணிகினு இருக்கறேன். கொதிக்காம ஏறாது. ஏறிட்டா இறங்காது. இது வெள்ளக் குதிர."

"இது ஏறிட்டு இறங்கிடும்ங்க. நாளைக்குள்ள மூத்திரத்துல போயிடும்."

"அப்ப விடுற சாயமா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், டாக்டரம்மா ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதாக நினைக்கத் தோன்றும். சாயம் விடுகிறது என்று ஒரு சேலை திரும்பி வந்தால் அந்தப் பட்டறையின் பேர் அன்றோடு போயிற்று. அவர் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்: "மாப்ள குடிகாரன்னாகூட ஒத்துக்குவாரும்மா. சாயம் விடும்னா ஒத்துக்க மாட்டாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மொதலாளி சிரிக்கவில்லை. ஆனால் படவேட்டுக்காரன் காத்திருந்தான், இதை விட்டால் வேறு வழியில்லை. சரி என்றார்.

ஊசி போட்டு அவளை அரைத்தூக்கத்தில் நிறுத்தியிருந்தோம். அவள் தாடை என் தோளில் கிடந்தது. கீழுதடு தொங்கி, மூச்சு என் முதுகில் ஈரமாக இறங்கியது. திரை எனக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. மொதலாளிதான் டாக்டரம்மாவின் அருகில் நின்று பார்த்தார். நான் வெளியில் கிடைத்ததை மட்டும் வைத்து மனதால் அவளுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தேன். சாயம் இப்போது கழுத்தில் போகிறது. இப்போது இதயத்துக்குள் விழுந்து எழும்புகிறது. இப்போது என் காதுக்குப் பக்கத்திலேயே, இந்த எலும்புக்குள்ளே, ஒரு தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்கின்றன. எனக்கும் பாதித் தூக்கம். ஊர்வலம் அவளுக்குள்ளே போகிறது, நாங்கள் இருவரும் ஓரமாக நின்று பார்க்கிறோம் என்று தோன்றியது.

"வந்துடுச்சு," என்று மொதலாளி கிசுகிசுத்தார். கோயிலில் திரை விலகும்போது பேசுகிற குரல்.

டாக்டரம்மா வலது கண்ணைப் படம் எடுத்தார், இடது கண்ணை எடுத்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டையும் எடுத்தார். பிறகு அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. "வலது கண்ணுல சாயம் வந்துச்சு, ஓடிடுச்சு. இடது கண்ணுல ஒரு இடத்துல நிக்குதுங்க." அதற்குள் அவருடைய போன் அடித்தது. படவேட்டில் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ஊருக்குப் பஸ் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. பெட்டியை மூடிக்கொண்டே, ஒரு கண் நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவள் பிழைத்துக்கொள்வாள், மீதியைப் பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மொதலாளி என்னைப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தார். "நின்னுடுச்சு பாத்தியா. இடது கண்ணு கெட்டி. வலதுலதான் நிக்காம போயிடுச்சு."

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷமாகச் சாயப் பட்டறையில் சோறு தின்கிறவன். சாயம் நிற்குமா என்பதுதான் அங்கே ஒரு நாளின் முதல் கேள்வி, கடைசிக் கேள்வி. நிற்கிறது என்றால் நல்லது, ஓடிவிட்டது என்றால் கெட்டது. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சாயங்காலம் டாக்டரம்மா மொதலாளியின் போனுக்குப் படங்களை அனுப்பினார். ஒன்றில் எல்லாம் மங்கி அடங்கியிருந்தது. இன்னொன்றில் ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை வெளிச்சம் குளம் மாதிரி தேங்கி, விளிம்பு கலைந்து கிடந்தது. எப்படி ஏறியிருக்கிறது பார் என்று மொதலாளி பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் காலையில் கொட்டகைச் சாக்கடையில் வெயில் விழுந்தபோது, அது எரிந்தது. அவளுடைய மூத்திரம்தான். எலுமிச்சையும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், உள்ளேயிருந்து விளக்கு போட்டது போல ஒரு நிறம். மொதலாளி சாக்கடையோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். இந்த நிறத்தை ஒரு வியாபாரி வருஷக்கணக்காகக் கேட்கிறான், வரவில்லை என்றார். அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, வெள்ளை நூல் கட்டு ஒன்றை எடுத்து அதில் தோய்த்தார். நூல் அப்படியே நிறத்தைப் பற்றிக்கொண்டது. கொதிக்கவைத்தார். அலசினார். முதல் தண்ணீரிலேயே எல்லாம் போய்விட்டது. இரண்டாம் தண்ணீரில் நூல் பழையபடி வெள்ளை.

"மானங்கெட்ட சாயம்," என்று சொல்லி நூலை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒரு கல்யாணம் வந்தது. மொதலாளி எனக்கு இடம் மாற்றிக் கொடுத்தார். வலது கண்தான் போய்விட்டதே, இனிமேல் வலது பக்கம் நடந்து வா, இடது பக்கத்தை அவளே பார்த்துக்கொள்வாள் என்றார். கடற்கரையில் பழகிய நாளிலிருந்து நான் குதிரைக்கு இடது பக்கம் நடக்கிறவன். கயிற்றை மாற்றிப் பிடிக்கவே கை கூசியது. அவளும் புறப்பட்டதிலிருந்து சரியாக இல்லை. கழுத்தை இடதுபுறம் வளைத்து வளைத்து எதையோ தேடினாள். அவள் தேடுவது என்னை என்று எனக்கு அப்போது தெரியாது. அன்று தெரு அழகாக இருந்தது. மழை விட்ட ஈரத்தில் ஃபோகஸ் லைட்டெல்லாம் தலைகீழாக மிதந்தன, பேண்டுக்காரர்கள் மெதுவான பாட்டொன்றை வாசித்தார்கள், நான் வழக்கம்போல அதற்குள் இறங்கிவிட்டேன். ஜெனரேட்டர் வண்டியின் இரும்பு முனை அவளுடைய இடது விலாவில் உரசியதும் அவள் இரண்டு காலில் எழும்பினாள்.

மாப்பிள்ளை என் மேல்தான் விழுந்தார், அடிபடவில்லை. தலைப்பாகை சாக்கடையில் போயிற்று. அவருடைய மாமா அதைக் கழியால் எடுத்துக்கொண்டே, "குதிரைக்கு டிரைவர் நீதானா? லைசென்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிச்சத் தூரம் மாப்பிள்ளை ஆட்டோவில் போனார்.

நல்ல கண் பக்கம் வந்ததையே பார்க்கவில்லை என்றால் அந்தக் கண்ணும் போய்விட்டது, இனி பேச ஒன்றுமில்லை என்று மொதலாளி படவேட்டுக்காரனுக்குப் போன் போட்டார். காலையில் வண்டி வரும் என்றார்கள்.

காலையில் நான் என் பையையும் எடுத்து வாசலில் வைத்தேன். மலைக்கு அவளோடு போவது என்று நினைக்கவில்லை. அவள் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்றுதான். பை சின்னது. எந்த ஊரிலிருந்தும் கிளம்ப எனக்கு நேரம் ஆகாது. கடைசியாக அவளைத் தேய்த்துவிடத் துணி தேடியபோது ஆணியில் மாட்டியிருந்த அந்த நூல் கட்டு கண்ணில் பட்டது. காய்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மூளை எனக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். இது நிற்கவே நிற்காத சாயம். டாக்டரம்மா வரும்போதே சொன்னார், ஏறிட்டு இறங்கிடும் என்று. அப்படியானால் இடது கண்ணில் மட்டும் ஏன் நின்றது?

மொதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நூலை அவர் முன்னால் நீட்டினேன்.

"மொதலாளி, இது விடுற சாயம். விடுறதுதான் இதோட வேல. ஓடிப் போன கண்ணுதான் நல்ல கண்ணு."

"நிக்கறது எப்பிடிடா கெட்டதா இருக்கும்?"

"அந்தம்மாவக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அவர் மனைவிதான் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். டாக்டரம்மா எங்கோ ஆடுகள் கத்துகிற இடத்தில் இருந்தார். நல்ல குழாய் என்றால் சாயம் உள்ளே வந்து உள்ளேயே போய்விடும். குழாய் கெட்டுப்போன இடத்தில்தான் வெளியே கசிந்து தேங்கி நிற்கும். இடது கண்ணில் அப்படி நிற்கிறது, அந்தக் கண்ணில் இனிமேல் பார்வை வராது. வலது கண் சுத்தமாக இருக்கிறது. இதை அன்றைக்கே சொல்லிவிட்டோமே என்று அவருக்கு ஆச்சரியம்.

"சொன்னீங்க," என்றார் மொதலாளி. "நிக்குதுன்னு சொன்னீங்க."

போனை வைத்தார்கள். கொப்பரையில் நூல் கொதித்தது. மொதலாளி அந்த வெள்ளை நூலை வாங்கி விரலால் நிரடிக்கொண்டே இருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், வாழைப் பந்தலில் மோதிய அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். கம்பியைத் தூக்க முன்னால் போயிருந்தேன் என்றேன். மற்ற நாளெல்லாம்? மற்ற நாளெல்லாம் இடது பக்கம்.

அவர் மனைவிக்கு முதலில் புரிந்துவிட்டது. "இவனுக்கே போற வழி தெரியாது. இவனப் போயி கண்ணுன்னு நம்பி நடந்துகினு இருந்திருக்கா பாரு, அவளச் சொல்லணும்."

படவேட்டு வண்டி வந்தது. டிரைவருக்கு டீ கொடுத்தார்கள். மொதலாளி வாசலுக்குப் போய், குதிரை தருவதற்கில்லை, வீணாக அலையவைத்ததற்குக் கோவித்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவன் பேஜாராக ஏதோ முனகிவிட்டு வண்டியைத் திருப்பினான். திரும்பி வரும்போது மொதலாளி வாசலில் இருந்த என் பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஜல்தியா அவளுக்குத் தண்ணி காட்டு," என்றார்.

கொட்டகைக்குள் போனேன். இத்தனை நாள் யோசிக்காமல் போய் நின்ற பக்கத்துக்கு அன்று யோசித்துக்கொண்டு போனேன். அவள் முகத்தின் இடது பாதிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கண்ணில் கொட்டகை வாசல் தெரிந்தது, நானும் சின்னதாக நின்றேன். அவளுக்கு மட்டும் நான் தெரியவில்லை. அதன் பின்னால் அந்தப் பச்சை வானத்தில் எங்கோ ஒரு ஓரம் நனைந்து கலங்கிக் கிடக்கிறது, விண்மீன்கள் மற்ற பக்கத்தில் மட்டும் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். தோளால் அவள் கழுத்தைத் தொட்டேன். அவள் கழுத்தை வளைத்துத் தேடவில்லை. தலையைத் தாழ்த்தி, தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் நடந்தேன்.